ஒருவர் என்றால் எத்தனை பேர்?



முப்பத்து நான்கு வருஷம் பெயர்களை எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். பிறந்தவர் பெயர், இறந்தவர் பெயர், கல்யாணம் செய்துகொண்டவர்கள் பெயர். நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் எத்தாசிவில் என்று சொல்கிற பதிவேடுகள்தான் என் பிழைப்பு. பிரெஞ்சுக் காலத்துக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆபீஸில் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தார்கள். அதனால் பிரெஞ்சு மீடியத்தில் படித்த என்னை அந்த நாற்காலியிலிருந்து யாரும் கிளப்பவில்லை. பதவி உயர்வு வந்தபோதும் நாற்காலி மாறவில்லை.

இன்றைக்கு நான் எழுதப்போவது நம் ஊர்க் கதை இல்லை. ஒரே ஒரு மனிதருக்கு என்ன மதிப்பு என்ற கேள்விக்கு யூதப் பெரியவர்கள் சொன்ன விடையைப் பற்றி எழுதுகிறேன். நான் யூதனும் இல்லை, வேதக்காரனும் இல்லை. பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு ரொமேன் ரோலான் நூலகத்தில் பிரெஞ்சுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒருநாள் தால்முத் பற்றிய புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. சும்மா புரட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தேன். பல வருஷமாகியும் அந்த விஷயம் என்னை விடவில்லை. ஏன் விடவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். யூதர்களுக்கு வேதம் தோரா. அதை வைத்து வாழ்க்கை நடத்துவது எப்படி என்று தலைமுறை தலைமுறையாகப் பெரியவர்கள் வாய்மொழியாக விவாதித்தார்கள். அந்த வாய்மொழிச் சட்டங்கள் கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்டன. அந்தத் தொகுப்புக்கு மிஷ்னா என்று பெயர். மிஷ்னாவின் மேல் எழுந்த விவாதமும் சேர்ந்ததுதான் தால்முத். ஒரு ரப்பி ஒன்று சொல்வார், இன்னொருவர் மறுப்பார், இருவர் சொன்னதும் பதிவாகியிருக்கும். தோற்றவர் கருத்தையும் அழிக்காமல் ஃபைலில் வைத்திருக்கிறார்கள். ஆபீஸ்காரனான எனக்கு இது பிடித்துப் போயிற்று.

மிஷ்னாவில் சன்ஹெத்ரின் என்று ஒரு பகுதி உண்டு. நீதிமன்றங்களைப் பற்றியது. கொலை வழக்கு நடக்கிறது, குற்றம் நிரூபணமானால் மரண தண்டனை. சாட்சி சொல்ல வந்தவர்களை அப்படியே கூண்டில் ஏற்றிவிட மாட்டார்கள். முதலில் அவர்களுக்குப் பயம் வரும்படி எச்சரிப்பார்கள். ஊகத்தில் பேசுகிறாயா, யாரோ சொல்லக் கேட்டுப் பேசுகிறாயா, உன்னைக் குறுக்கு விசாரணை செய்யப்போகிறோம், தெரியுமா என்று கேட்பார்கள். பண வழக்கில் தவறு நேர்ந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம். உயிர் வழக்கில் அப்படித் தீர்க்க முடியாது. செத்தவனுடைய இரத்தத்தோடு அவனுக்குப் பிறந்திருக்க வேண்டிய பிள்ளைகளின் இரத்தமும் உலகம் உள்ளவரை சாட்சியின் தலையில் நிற்கும். காயீன் தன் தம்பி ஆபேலைக் கொன்ற கதையில் எபிரேய மூலம் இரத்தம் என்ற சொல்லைப் பன்மையில் போட்டிருக்கிறது. அதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஒருவன் செத்தான், ஆனால் கொட்டியது பலருடைய இரத்தம்.

அடுத்து வருகிற பேச்சுதான் உலகப் பிரசித்தம். கடவுள் நினைத்திருந்தால் ஒரே நாளில் ஓர் ஊர் ஜனத்தையே படைத்திருக்கலாம். ஏன் ஆதாமை மட்டும் தனி ஆளாகப் படைத்தார்? மிஷ்னா இதற்குப் பல காரணம் சொல்கிறது. ஓர் உயிரை அழிப்பவன் ஓர் உலகத்தையே அழித்தவன், ஓர் உயிரைக் காப்பவன் ஓர் உலகத்தையே காத்தவன் என்பதை நாம் தெரிந்துகொள்வதற்காக என்பது ஒன்று. எங்கள் பரம்பரை உங்கள் பரம்பரையைவிட உயர்ந்தது என்று ஒருவரும் பீற்றிக்கொள்ளாமல் இருப்பதற்காக என்பது இன்னொன்று. எல்லாருக்கும் முப்பாட்டன் ஒருவனே என்றால் எந்த வம்சத்தைத் தூக்கிப் பிடிப்பது?

மூன்றாவது காரணம் நாணயத்தைப் பற்றியது. அரசன் ஒரே அச்சில் ஆயிரம் காசு அடித்தால் ஆயிரமும் ஒரே மாதிரி இருக்கும். கடவுளும் எல்லா மனிதரையும் ஆதாம் என்ற ஒரே அச்சில்தான் அடிக்கிறார். ஆனால் ஒருவரைப் போல இன்னொருவர் இல்லை. அதனால் ஒவ்வொருவரும் எனக்காகத்தான் இந்த உலகம் படைக்கப்பட்டது என்று சொல்லிக்கொள்ளக் கடமைப்பட்டவர்.

முதல் தடவை படித்தபோது கடைசி வரி எனக்குக் கொஞ்சம் திமிராகப் பட்டது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தப் பேச்சு யாரிடம் சொல்லப்படுகிறது? கூண்டில் ஏறப்போகிற சாட்சியிடம். எதற்கு? எதிரே நிற்கும் குற்றவாளியின் உயிரைக் காட்டி. நல்லவனைக் காட்டிச் சொல்லவில்லை, கொலைக்குற்றம் சுமத்தப்பட்டவனைக் காட்டிச் சொல்கிறார்கள். அவனும் ஓர் உலகம். அவனுக்காகவும் இந்த உலகம் படைக்கப்பட்டது. அதே சமயம், இத்தனை வம்பு நமக்கெதற்கு என்று சாட்சி நழுவிவிடவும் முடியாது. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதும் குற்றம் என்று அடுத்த வரியிலேயே பூட்டிவிடுகிறார்கள். மரண தண்டனை சட்டத்தில் இருந்தது. ஆனால் ஏழு வருஷத்தில் ஒருவனைக் கொன்ற நீதிமன்றத்தைக் கொலைகார மன்றம் என்றார்கள். எழுபது வருஷத்தில் ஒருவன் என்றாலும் அப்படித்தான் என்றார் இன்னொரு ரப்பி. நாங்கள் அங்கே இருந்திருந்தால் ஒருவனுக்கும் தண்டனை நிறைவேறியிருக்காது என்றார்கள் ரப்பி அக்கீபாவும் ரப்பி தர்போனும். அப்படி விட்டால் கொலைகாரர்கள்தான் பெருகுவார்கள் என்று சிமியோன் பென் கமாலியேல் சண்டைக்கு வந்தார். அதுவும் பதிவில் இருக்கிறது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. பின்னாளில் அச்சான பல பிரதிகளில், ஓர் உயிர் என்ற இடத்தில் இஸ்ரவேலரில் ஓர் உயிர் என்று இருக்கிறது. பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்தச் சொல் இல்லை. பதிவேட்டில் பிற்பாடு புகுந்த எழுத்தைப் பார்த்துப் பழகியவன் நான். இங்கே ஆதாரத்தைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். ஆதாம் யூதன் இல்லை. எந்த ஜாதியும் தேசமும் பிறப்பதற்கு முன்னால் இருந்தவன். அவனை வைத்துச் செய்த வாதம் ஒரு ஜனத்தோடு நின்றுவிட முடியாது. இஸ்ரவேல் மக்களுக்கு இப்படி விதிக்கப்பட்டது என்று குர்ஆனும் ஐந்தாம் அத்தியாயத்தில் இதே கருத்தைச் சொல்கிறது. நம் முஸ்லிம் நண்பர்களுக்கு இது புதிதாக இருக்காது.

உபதேசம் செய்வது எளிது, சட்டம் ஆக்குவதுதான் கஷ்டம். இவர்கள் அதைச் சட்டமாக்கிய விதம்தான் எனக்கு ஆச்சரியம்.

சப்பாத் எனப்படும் ஓய்வுநாளில் வேலை செய்யக் கூடாது என்பது அவர்களுக்கு மிகக் கண்டிப்பான கட்டளை. அன்றைக்கு ஒரு சுவர் இடிந்து விழுகிறது. அடியில் ஆள் இருக்கிறாரா என்று தெரியாது. இருந்தாலும் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது. மிஷ்னா என்ன சொல்கிறது? சந்தேகமே போதும், மண்வெட்டியை எடுத்துத் தோண்டு. தால்முத் இன்னும் ஒரு படி போகிறது. தோண்டும்போது ஆள் கிடைக்கிறார், ஆனால் நசுங்கிக் கிடக்கிறார், இன்னும் கொஞ்ச நேரம்தான் தாங்குவார். அப்போதும் நிறுத்தக் கூடாது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவும் ஓய்வுநாளை மீறலாம். பிழைத்து எழுந்து என்ன சாதிப்பார் என்ற கணக்கே அதில் இல்லை.

ஒரு கூட்டம் வழியில் போய்க்கொண்டிருக்கிறது. எதிரிகள் மறித்து, உங்களில் யாராவது ஒருவரை எங்களிடம் கொடுங்கள், கொன்றுவிட்டு மற்றவர்களை விட்டுவிடுகிறோம், இல்லாவிட்டால் எல்லாரையும் கொல்வோம் என்கிறார்கள். என்ன செய்வது? எல்லாரும் செத்தாலும் சரி, ஒருவரைப் பிடித்துக் கொடுக்கக் கூடாது என்கிறது சட்டம். இன்னார் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டால் என்ன செய்வது என்பதில் ரப்பிகளுக்குள் வாதம் உண்டு. ஆனால் யாரோ ஒருவர் என்று எண்ணிக்கையாகக் கேட்டால் கொடுக்க முடியாது. நம் கணக்குப்படி ஒன்றைவிட நூறு பெரிது. அவர்கள் கணக்கில் ஒன்றும் ஓர் உலகம், நூறும் நூறு உலகம். ஓர் உலகத்தைக் கொடுத்து இன்னோர் உலகத்தை வாங்கச் சந்தை கிடையாது. ஒருவனைக் கொன்றால் உன்னை விட்டுவிடுவேன் என்று அதிகாரி மிரட்டுகிறான், என்ன செய்ய என்று கேட்டு வந்தவனுக்கும் இதே பதில்தான் கிடைத்தது. நீ செத்தாலும் கொல்லாதே, உன் இரத்தம் அவன் இரத்தத்தைவிடச் சிவப்பு என்று உனக்கு யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டார்கள்.

ஆட்களை எண்ணுவதே அவர்களுக்கு ஆகாது. கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேர் சேர்ந்தார்களா என்று பார்க்க ஒன்று, இரண்டு என்று விரல் நீட்டி எண்ண மாட்டார்கள். பத்துச் சொல் உள்ள ஒரு வேத வாக்கியத்தை எடுத்து ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார்கள். பழங்காலத்தில் குடிக்கணக்கு எடுத்தபோது ஆளுக்கு அரை ஷேக்கல் காசு வாங்கிக் காசை எண்ணினார்கள். பணக்காரர் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது, ஏழை குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று யாத்திராகமம் சொல்கிறது.

பலர் முன்னால் ஒருவர் முகம் வெளுக்கும்படி அவமானப்படுத்துவது இரத்தம் சிந்துவதற்குச் சமம் என்றார்கள். முகத்தில் சிவப்பு வடிந்து வெள்ளை ஏறுகிறதே, அது இரத்தம் போனதற்கு அடையாளம்தானே என்றார் ஒருவர். சாவிலும் இதே பார்வைதான். ஒரு காலத்தில் சவ அடக்கச் செலவு தாங்காமல் பிணத்தைப் போட்டுவிட்டு உறவுக்காரர்களே ஓடிப்போனார்களாம். ரப்பான் கமாலியேல் பெரிய தலைவர். தனக்குச் சாதாரண நார்த்துணி போதும் என்று ஏற்பாடு செய்தார். அவருக்கே அது என்றால் நமக்கென்ன என்று எல்லாரும் எளிய துணிக்கு மாறினார்கள். நம் பக்கத்தில் கடன் வாங்கிக் கருமாதி செய்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம் வருகிறது.

இப்படிப் போதிக்கிறவர்கள் எல்லாம் இப்படியே நடக்கிறார்களா என்று நீங்கள் கேட்கலாம். எந்த ஜனமும் தன் வேதத்தின் உயரத்துக்கு நடந்ததாக நான் பார்க்கவில்லை, நம்மையும் சேர்த்துத்தான். இன்றைய போர்ச் செய்திகளை நானும் தினமும் படிக்கிறேன். அளவுகோல் நன்றாக இருந்தால் அதைச் செய்தவர்களையும் அதே கோலால் அளக்கலாம். காஸாவில் செத்த குழந்தையும் ஓர் உலகம், இஸ்ரேலில் செத்த குழந்தையும் ஓர் உலகம். அந்த மிஷ்னா அப்படித்தான் படிக்கச் சொல்கிறது.

இனி பிரான்ஸுக்கு வருகிறேன். என் தொழிலுக்கும் இந்தப் போதனைக்கும் அங்கேதான் முடிச்சு விழுகிறது.

1940-இல் ஜெர்மானியர் பாரீஸைப் பிடித்ததும் யூதர்கள் எல்லாரும் காவல் நிலையத்துக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாரீஸிலும் சுற்றுப்புறத்திலும் சுமார் ஒன்றரை லட்சம் பேர் போய்ப் பதிந்தார்கள். அரசாங்கம் கேட்கிறது, ஒழுங்காகக் கொடுப்போம் என்று நம்பிப் போனார்கள். பாரீஸ் போலீஸ் தலைமை அலுவலகத்தில் அந்திரே துலார் என்ற அதிகாரி அதையெல்லாம் அட்டைகளில் ஏற்றினார். பெயர் வரிசையில் ஓர் அடுக்கு, தெரு வரிசையில் ஓர் அடுக்கு, தேச வரிசையில் ஒன்று, தொழில் வரிசையில் ஒன்று. குமாஸ்தா வேலை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு என்று புரியும். எந்தப் பக்கமிருந்து தேடினாலும் ஆள் கிடைப்பார். 1942 ஜூலை 16, 17 ஆகிய இரண்டு நாளில் பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள் அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சுமார் 13,000 பேரைப் பிடித்தார்கள். அதில் 4,000-க்கும் மேல் குழந்தைகள். குடும்பங்களை சைக்கிள் பந்தய மைதானம் ஒன்றில் அடைத்துவைத்துப் பிறகு ரயிலேற்றினார்கள்.

அதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அட்டை எழுதிய குமாஸ்தாக்கள் யாரையும் அடிக்கவில்லை, சுடவில்லை. நல்ல கையெழுத்தில், பிழையில்லாமல் எழுதியிருப்பார்கள். மாலையில் மேஜையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அதே மாதத்தில் அதே பிரான்ஸில் நான்சி என்ற ஊரில் வேறொன்று நடந்தது. அங்கே போலீஸில் வெளிநாட்டவர் பிரிவு என்று ஓர் ஆபீஸ். தலைவர் எதுவார் வினியெரோன், அவருக்கு உதவியாளர் பியேர் மரி. ஊரிலிருந்த வெளிநாட்டு யூதர்களின் முகவரியெல்லாம் அவர்களுடைய ஃபைலில்தான் இருந்தது. கைது உத்தரவு வரப்போகிறது என்று தெரிந்ததும் அவர்களும் சகாக்கள் சிலரும் அதே முகவரிகளுக்குப் போய், இன்றிரவு வீட்டில் இருக்காதீர்கள் என்று எச்சரித்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் தப்பினார்கள். அங்கேயும் ஃபைல்தான், முகவரிதான். ஆனால் அந்த ஆபீஸில் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு முகவரியிலும் ஓர் ஆள் தெரிந்தார். அவர்கள் இருவருக்கும் பிற்பாடு எருசலேமின் யாத் வாஷெம் நினைவகம் கௌரவம் செய்தது. யூதரைக் காப்பாற்றிய பிற மதத்தாருக்குத் தரும் பதக்கம் அது. ஓர் உயிரைக் காத்தவர் ஓர் உலகத்தைக் காத்தவர் என்ற பொருளில் அந்த மிஷ்னாவின் வாசகத்தைத்தான் பதக்கத்தில் பொறித்திருக்கிறார்கள், பிரெஞ்சிலும் எபிரேயத்திலும்.

பிரான்ஸிலிருந்து ரயிலேற்றப்பட்ட யூதர்கள் சுமார் 76,000 பேர். திரும்பியவர்கள் 3,000 பேர்கூட இல்லை. செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்ட் என்ற வழக்கறிஞரின் தகப்பனாரும் திரும்பாதவர்களில் ஒருவர். 1943-இல் நீஸ் நகரத்தில் சோதனை வந்தபோது அவர் மனைவியையும் பிள்ளைகளையும் அலமாரிக்குப் பின்னால் செய்துவைத்திருந்த மறைவில் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் போய்க் கதவைத் திறந்தார். அப்போது செர்ஜுக்கு எட்டு வயது. வளர்ந்து ஆளான பிறகு அந்த மகன் செய்த வேலை என்ன தெரியுமா? ரயில் ரயிலாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்த பட்டியல்களின் நைந்துபோன கார்பன் நகல்களைத் தேடி எடுத்து, அத்தனை பேரின் பெயரையும் பிறந்த தேதியையும் பிறந்த ஊரையும் சேர்த்து 1978-இல் ஒரே புத்தகமாகப் போட்டார். கொலைக்காக எழுதிய பட்டியலையே செத்தவர்களுக்கு நினைவுக்கல் ஆக்கிவிட்டார்.

நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றைப் போல என் மகளும் பாரீஸ் பக்கம்தான் இருக்கிறாள். அவளிடம் போயிருந்தபோது மரே பகுதியில் உள்ள ஷோவா நினைவகத்துக்கு அழைத்துப் போகச் சொன்னேன். 2005-இல் திறந்த பெயர்ச் சுவர் அங்கே இருக்கிறது. ரயிலேற்றப்பட்ட வருஷத்தின்படி, அகர வரிசையில், ஒவ்வொருவர் பெயரும் பிறந்த வருஷமும் கல்லில் வெட்டியிருக்கிறது. 1942 என்ற பகுதியில் 1939, 1940 என்று பிறந்த வருஷம் போட்ட பெயர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு வயதான அம்மாள் ஒரு பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தார். அந்தப் போலீஸ் அட்டைகளில் ஒரு பகுதியும் அதே கட்டடத்தில்தான் பாதுகாக்கப்படுகிறது. என் மகள், "போதும் ப்பா, போகலாம்" என்று சொல்லும்வரை நானும் நின்றிருந்தேன்.

2020-இல் அந்தச் சுவரைப் புதுப்பித்தார்கள். விடுபட்ட பெயர்களைச் சேர்த்தார்கள். எழுத்துப் பிழைகளைத் திருத்தினார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் ஆபீஸ் கவுண்டர் ஞாபகம் வந்தது. சொல்தா ஒருவரின் விதவை, கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாள். புருஷன் பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரி, இன்னொரு தாளில் ஓர் எழுத்து கூடுதலாக. பிரெஞ்சில் நம் பெயர்களை எழுதியவர்கள் ஆளுக்கு ஒரு விதமாக எழுதினார்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. பென்ஷன் கிடைப்பது பிறகு. திருத்தம் முடிந்த நகலைக் கையில் கொடுத்தபோது அந்த அம்மாள், "ஐயா, அந்தப் பேரை ஒருவாட்டி படிச்சுக் காட்டுங்க" என்றார். படித்தேன். "ம், இவர்தான்" என்றார். அவ்வளவுதான். பெயரில் ஓர் எழுத்து தப்பினால் அது வேறு ஆள். இறந்த பிறகும் ஒருவர் வேறு ஆளாகிவிடக் கூடாது. எழுபத்தைந்து வருஷம் கழித்துக் கல்லில் எழுத்தைத் திருத்துகிறவர்களுக்கும் அந்த அம்மாளுக்கும் தெரிந்தது ஒரே விஷயம்தான்.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்று சொல்ல வேண்டும்.

என் அண்ணனுக்கு எண்பத்திரண்டு வயது. பிரெஞ்சு வாத்தியாராக இருந்தவர். இலக்கணத்தில் ஒரு சந்தேகம் என்றால் ஊரில் பலரும் அவரிடம்தான் வருவார்கள். மூன்று வருஷமாக ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் தெருப்பெயர் போயிற்று, பிறகு எங்கள் பெயர்கள், இப்போது தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் சில நாள் திரும்புவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அவர் எதிரிலேயே, "இன்னும் எத்தனை நாளோ" என்று பேசுகிறார்கள். போன தையில் உறவுக்காரர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். எனக்கு வைத்தார். அண்ணனுக்கு வைக்கவில்லை. கேட்டதற்கு, "அவருக்குத் தெரியவா போவுது, விடுங்க" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தால்முத்தில் ஓர் இடம் இருக்கிறது. மோசே சீனாய் மலையிலிருந்து கொண்டுவந்த கட்டளைப் பலகைகளை ஜனங்கள் மேல் வந்த கோபத்தில் போட்டு உடைத்தார் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. பிறகு இரண்டாவது ஜோடிப் பலகை கிடைத்தது. அதை உடன்படிக்கைப் பெட்டியில் வைத்தார்கள். உடைந்த துண்டுகளை என்ன செய்தார்கள்? எறியவில்லை. முழுப் பலகைகளோடு அதே பெட்டியில் வைத்தார்கள் என்கிறது தால்முத். யோசுவா பென் லேவி என்ற ரப்பி இதைத் தன் பிள்ளைகளிடம் காட்டி, தன் குற்றமில்லாமல் படித்ததையெல்லாம் மறந்துபோன கிழவரிடம் கவனமாக நடந்துகொள்ளுங்கள், உடைந்த பலகையும் பெட்டிக்குள்தான் இருந்தது என்று சொல்லிவைத்தார்.

இதைப் படித்த அன்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். காலை நேரம். அண்ணி அலமாரியிலிருந்து இரண்டு சட்டையை எடுத்து அவர் எதிரே பிடித்து, "என்னங்க, நீலமா, வெள்ளையா?" என்று கேட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். தினமும் இப்படித்தானாம்.

"அவருக்குத்தான் புரியலையே, எதுக்கு அண்ணி கேக்கறீங்க?" என்றேன். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான்.

"கேக்காம எப்படி தம்பி எடுக்கறது? சட்டை அவருதாச்சே."

அண்ணி எந்த மிஷ்னாவையும் படித்தவர் இல்லை. ஆனால் நான் பல வருஷமாகப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தது அந்தப் பதிலில் இருந்தது. ஒருவருடைய மதிப்பு அவர் செய்கிற வேலையில் இருந்தால் ஓய்வு பெற்ற அன்றே போய்விடும். படிப்பில் இருந்தால் மறதி வந்ததும் போய்விடும். யூதப் பெரியவர்கள் அதை அச்சில் வைத்தார்கள். காசு தேயலாம், வளையலாம். எந்த அச்சில் அடித்தது என்பது மாறாது.

நம்மைப் போன்றவர்கள் வருஷா வருஷம் நவம்பர் மாதம் உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்க வரிசையில் நிற்கிறோம். டோக்கன் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கைரேகை விழவில்லை, மறுபடி வையுங்கள் என்கிறார்கள். அந்தக் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மதியத்துக்குமேல் முகம் தெரியாது, தாள் மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நமக்கு நாமே சொல்லிக்கொள்ள ஒன்று வேண்டும்.

போலந்தில் இருநூறு வருஷத்துக்கு முன்னால் சிம்ஹா புனிம் என்று ஒரு ரப்பி இருந்தார். ஒவ்வொரு மனிதரும் இரண்டு பையிலும் இரண்டு சீட்டு வைத்திருக்க வேண்டும் என்பாராம். ஒன்றில், எனக்காகத்தான் உலகம் படைக்கப்பட்டது. மற்றதில், நான் வெறும் மண்ணும் சாம்பலும். தேவைக்குத் தக்கபடி இதையோ அதையோ எடுத்துப் படித்துக்கொள்ள வேண்டும். வேலையில் இருந்தபோது நமக்கெல்லாம் இரண்டாவது சீட்டுதான் அதிகம் தேவைப்பட்டிருக்கும், முக்கியமாக கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு. இந்த வயதில் முதல் சீட்டு.

உறவுக்காரர் வைக்காமல் போன பத்திரிகையை நான் மறுபடி கேட்டு வாங்கினேன். உறையின் மேல் அண்ணன் பெயரை, இனிஷியல் விடாமல், பழைய ஆபீஸ் கையெழுத்தில் முழுசாக எழுதி அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.